ஒரு வருஷப் பணம், ஒரு படிப்பகம்: சுவரோவியமா, பறையா, நாடகமா?

சென்னைப் பக்கம் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறவர்களுக்கு அவ்வப்போது ஒரு நல்ல வாய்ப்பு வரும். ஏதோ ஒரு நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதியிலிருந்து கொஞ்சம் தருகிறேன் என்னும், இல்லையென்றால் தெரிந்தவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு தொகை கொடுப்பார்கள். படிப்பகத்துக்கு வரும் பதினொன்று முதல் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குக் கலை சார்ந்து ஏதாவது செய்யுங்கள் என்பார்கள். பணம் ஒரு வருஷத்துக்குத்தான். அப்போது கேள்வி வரும்: சுவரோவியம் வரையலாமா, கோடை முகாம் வைக்கலாமா, பறை வகுப்பா, நாடகமா, ஒளிப்படமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஆசிரியர் வாரம் தவறாமல், வருஷம் முழுக்க வரக்கூடிய வகுப்பு எதுவோ அதைத் தொடங்குங்கள். பறைக்கு முதலிடம் கொடுப்பேன். நாடகம் அதற்கு ஒரு படிதான் கீழே, சில இடங்களில் அதுவே மேலே. அப்புறம் ஒளிப்படம். சுவரோவியமும் கோடை முகாமும் கடைசி. பதின்மூன்றாவது மாதம், பணம் நின்ற பிறகு, பிள்ளைகள் யாரையும் எதிர்பார்க்காமல் எதைத் தொடர்ந்து செய்ய முடியும் என்று பார்த்துத்தான் இப்படி வரிசைப்படுத்துகிறேன்.

சுவரோவியத்திலிருந்து தொடங்குவோம். நிதி கொடுப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது அதைத்தான். அதற்குக் காரணம் கண்ணகி நகர். 2000-ஆம் ஆண்டு வாக்கில் உருவான இந்தக் குடியிருப்புக்குச் சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் குடும்பங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். வேலை ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று ஆனது. விலாசத்தைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள் என்று அங்கே வளர்ந்த இளைஞர்கள் வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். 2020-இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏஷியன் பெயின்ட்ஸும் மாநகராட்சியோடு சேர்ந்து அந்தக் குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்களைத் தீட்டின. வெளியூர், வெளிநாட்டு ஓவியர்களும் வந்தார்கள். நகரத்தின் மற்ற பகுதிகளிலிருந்து அதுவரை எட்டிப் பார்க்காதவர்கள் கேமராவோடு கண்ணகி நகருக்குப் போனார்கள். செய்தித்தாளில் அந்தப் பெயர் குற்றச் செய்திகளுக்கு வெளியே வந்தது. அங்கே வாழ்கிறவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

ஆனால் நமக்கு முன்னால் இருப்பது பிள்ளைகளைப் பற்றிய முடிவு. மாடிக்கட்டடச் சுவரில் வரைவது சாரம் கட்டி, கயிறு மாட்டி, தேர்ந்த ஓவியர் செய்யும் வேலை. பதினாலு வயதுப் பையனைச் சாரத்தில் ஏற்ற முடியாது, ஏற்றவும் கூடாது. அதனால் பெரும்பாலான சுவரோவியத் திட்டங்களில் பிள்ளைகளுக்குக் கிடைப்பது கீழ்ச்சுவரில் கை பதிப்பது, அடிப்பூச்சு பூசுவது, நின்று படம் எடுத்துக்கொள்வது. பத்து நாளில் ஓவியர் கிளம்பிவிடுவார். வெயிலும் உப்புக்காற்றும் மழையும் நாலைந்து வருஷத்தில் வண்ணத்தைத் தின்னத் தொடங்கும். திரும்பப் பூசுவதற்கு அப்போது நிதி இருக்காது.

சுவரோவியத்தை வேறு மாதிரியும் செய்ய முடியும். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1984-இல், சுவர்களில் கிறுக்கும் இளைஞர்களை நல்வழிப்படுத்த நகராட்சி ஒரு திட்டம் தொடங்கியது. ஜேன் கோல்டன் என்ற ஓவியர் அந்தப் பிள்ளைகளையே கூப்பிட்டு வரையச் சொல்லிக்கொடுத்தார். அது இன்று ஆயிரக்கணக்கான சுவர்களைக் கண்ட பெரிய அமைப்பாக வளர்ந்திருக்கிறது. அங்கே பிள்ளைகளுக்கான வகுப்பு வருஷக்கணக்காகத் தொடர்ந்து நடக்கிறது. சுவர் அந்த வகுப்பிலிருந்து விளைகிறது. உங்களிடம் வரும் நிறுவனம் சுவரோவியத்துக்கு மட்டும்தான் தருவேன் என்று பிடிவாதமாக இருந்தால், இந்த ஏற்பாட்டைக் கேட்டுப் பாருங்கள்: ஆறு மாதம் வாராவாரம் ஓவிய வகுப்பு, அதற்கு ஓவியருக்குச் சம்பளம், கடைசி மாதத்தில் ஆளுயரத்துக்கு மேல் போகாத ஒரு சுவர். படம் என்ன என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்ய வேண்டும். நிறுவனத்தின் சின்னம் மூலையில் சிறியதாக இருக்கட்டும். வண்ணம் வாங்கும்போது ஈயம் கலக்காதது என்று டப்பாவில் இருக்கிறதா பாருங்கள். வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்று 2016-இல் இந்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. உள்ளூர்க் கடையில் சில்லறையில் கலக்கித் தருவதை நம்ப வேண்டாம்.

கண்ணகி நகரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். ஊரே அவரைத் தோளில் தூக்காத குறையாக வரவேற்றது. தினமும் மாலை ஒரு மண் தரையில், ஒரு பயிற்சியாளர் முன்னால், வருஷக்கணக்கில் ஆடியதன் பலன் அது. கலைக்கும் இதேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிள்ளைகள் சலிக்காமல் திரும்பத் திரும்ப வரும் ஓர் இடமும், அவர்கள் பெயர் தெரிந்த ஒரு பெரியவரும் இல்லாமல் எந்தக் கலையும் வேர்விடாது.

கோடை முகாமை இதே கணக்கில் வைத்துப் பாருங்கள். பத்து நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் முப்பது மணி. வாரம் இரண்டு மணி என்று வருஷம் முழுக்க நடத்தினால், தேர்வு, பண்டிகை, மழை எல்லாம் கழித்தும் எண்பது மணியாவது தேறும். முகாமில் களிமண், காகிதம், பாட்டு, முகமூடி என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, பதினோராம் நாள் பிள்ளைகள் தெருவுக்குத் திரும்பிவிடுவார்கள். ஒரு விஷயத்துக்கு மட்டும் முகாமைப் பரிந்துரைப்பேன்: எந்த ஆசிரியர் நம் பிள்ளைகளோடு ஒத்துப்போகிறார் என்று தெரிந்துகொள்ள. இரண்டு மூன்று பேரை அழைத்து மே மாதத்தில் ஆளுக்கு மூன்று நாள் நடத்தச் சொல்லுங்கள். யார் வகுப்புக்குப் பிள்ளைகள் நேரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்கிறார்களோ அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, பறைக்கு வருவோம். இதில்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

பறைக்கு முதலிடம் கொடுக்க எனக்கு மூன்று காரணங்கள். முதலாவது, சீக்கிரம் கைக்கு வரும். வயலினோ பரதமோ மேடையேற வருஷங்கள் ஆகும். பறையில் அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் பிடிக்கப் பழகி, சில அடிகளும் ஆட்டமும் கற்று, சில மாதங்களில் ஒரு குழுவாக நின்று வாசித்துவிடலாம். பதின்ம வயதில் அந்தச் சீக்கிரம் முக்கியம், கையில் பலன் தெரிந்தால்தான் அடுத்த வாரம் வருவார்கள். அதற்காக எளிய கலை என்று நினைத்துவிட வேண்டாம். சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, மருளடி, ஒத்தையடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்தர்ப்பமும் நடையும் உண்டு. நல்ல ஆசானிடம் கற்றால் வாழ்நாளுக்கும் போதும். இரண்டாவது, தனியாக வாசிக்கிற கலையில்லை. பக்கத்தில் இருப்பவனைக் கேட்டால்தான் தன் அடி நிற்கும். மூன்றாவது, வருமானத்துக்கு வழியுண்டு. கல்லூரி விழா, திருமணம், அரசு நிகழ்ச்சி, கோயில் விழா என்று குழுவுக்கு அழைப்பு வரும். நிதி நின்ற பிறகும் வகுப்பைத் தாங்கிக்கொள்ளும் வாய்ப்பு இந்தப் பட்டியலில் பறைக்குத்தான் அதிகம்.

ஆனால் பறை வகுப்பு தொடங்கினால் முதல் வாரமே ஒரு தாய் வந்து நிற்பார்: “எங்க அப்பா, தாத்தா எல்லாம் சாவுக்கு அடிச்சாங்க, என் புள்ளைய அதுக்காகவா படிக்க வெச்சேன்?” அந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாதியின் பெயரால் இழவு வீட்டில் கட்டாயமாக அடிக்க வைத்த தொழில் அது. அதிலிருந்து வெளியேறப் போராடிய குடும்பம் தயங்குவதில் முழு நியாயம் இருக்கிறது. அவரை உட்காரவைத்துப் பேசுங்கள். 1990-இல் திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவைப் பற்றிச் சொல்லுங்கள். தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையேறியபோது அந்த வாத்தியத்தின் பொருளே மாறியது. மதுரையைச் சேர்ந்த பறை ஆசான் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2018-இல் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவும், 2020 டிசம்பரில் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ விழாவும் கானாவையும் பறையையும் சென்னையின் மார்கழி மாதத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தின. இதெல்லாம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், பெற்றோருக்குத்தான் தெரியப்படுத்த வேண்டும். அத்தனையும் கேட்ட பிறகும் அந்தத் தாய் வேண்டாம் என்றால், வேண்டாம்தான். வற்புறுத்தாதீர்கள். அதனால்தான் நாடகத்தை அவ்வளவு பக்கத்தில் வைத்தேன்.

நடைமுறைச் சிக்கல்கள் சிலவும் உண்டு. தோல் பறையை வாசிப்பதற்கு முன் நெருப்பில் காய்ச்ச வேண்டும், ஹவுசிங் போர்டு மாடிப்படிக்குக் கீழே அதைச் செய்ய முடியாது. கற்றுக்கொள்ள ஃபைபர் பறை போதும், மழைக்காலத்திலும் சுதி இறங்காது. பிறகு குழு நிலைபெற்றால் இரண்டு மூன்று தோல் பறை வாங்கலாம், அந்த நாதம் தனி. சத்தம் பெரிய பிரச்சினை. எட்டு மாடிக் கட்டடங்கள் நெருங்கி நிற்கும் பெரும்பாக்கத்தில் ஓர் அடி அடித்தால் நாலு பக்கமும் எதிரொலிக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர் சண்டைக்கு வருவது இயல்பு. விளையாட்டுத் திடலோ, பள்ளி மைதானமோ, கடற்கரையோ இல்லாத இடத்தில் பறை வகுப்பைத் தொடங்கவே வேண்டாம். இன்னொன்று: குழு ஓரளவு வாசிக்கத் தொடங்கியதும் கட்சிக் கூட்டம், கடைத் திறப்பு, ஊர்வலம் என்று இலவசமாகக் கூப்பிடுவார்கள். பிள்ளைகளுக்கும் ஆர்வமாக இருக்கும். சன்மானம், வண்டி, சாப்பாடு மூன்றும் பேசாமல் எங்கேயும் அனுப்புவதில்லை என்று முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள். பள்ளி நாளில் போவதில்லை என்பதையும் சேர்த்து.

நாடகத்துக்கு வாங்க வேண்டிய பொருள் எதுவுமில்லை. ஓர் அறையும் ஆசிரியரும் போதும். அந்த ஆசிரியர் கிடைப்பதுதான் கடினம். தமிழ்நாட்டில் இதற்கு நல்ல மரபு இருக்கிறது. 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, 1984-இலிருந்து பிரளயன் நடத்திவரும் சென்னைக் கலைக்குழு, தொண்ணூறுகளில் எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கம் ஊர் ஊராகக் கொண்டுபோன வீதி நாடகங்கள், புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் வழியினர் நடத்தும் தெருக்கூத்துப் பயிற்சி என்று நீளும். இந்த வழிகளில் பயின்றவர்கள் இன்று பல ஊர்களில் பயிற்சி கொடுக்கிறார்கள். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002-இல் தொடங்கிய குருகுலம், பள்ளிப்படிப்பையும் கூத்தையும் ஒரே கூரையின் கீழ் கொடுத்தது. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கூத்தில் பெண்பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். பெண்பிள்ளைகளைக் கலைக்குள் கொண்டுவர முடியுமா என்று தயங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

நாடகத்தில் நான் கண்டிப்பாக எதிர்ப்பது விழிப்புணர்வு நாடகத்தை. டெங்கு, பிளாஸ்டிக், போதை என்று தலைப்பை நிதி கொடுப்பவர் கொடுப்பார், வசனத்தைப் பெரியவர் எழுதுவார், பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். அதில் பிள்ளைகள் ஒலிபெருக்கி மாதிரிதான். அதற்குப் பதிலாக பிரேசிலில் அகஸ்டோ போவால் உருவாக்கிய ஒடுக்கப்பட்டோர் அரங்கின் வழியைப் பார்க்கலாம். பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையிலிருந்தே ஒரு சிக்கலை நடித்துக் காட்டுவார்கள். முடிவில்லாமல் நிறுத்துவார்கள். பார்வையாளர்களில் ஒருவர் மேடையேறி, பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறு வழியை நடித்துப் பார்ப்பார். மேற்கு வங்கத்தில் ஜன சமஸ்கிருதி அமைப்பு 1985-இலிருந்து கிராமங்களில் இதைச் செய்துவருகிறது. பேருந்தில் கண்டக்டர் இறக்கிவிட்டது, விலாசம் கேட்டதும் கடைக்காரர் முகம் மாறியது, தண்ணீர் லாரிச் சண்டை எல்லாமே நாடகமாகும். பார்க்க வந்த அக்கம்பக்கத்தாரும் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

இப்படிச் செய்யும்போது பிள்ளைகள் மனதிலிருப்பதும் வெளியே வரும். வீட்டில் அடி, தெருவில் தொல்லை, அதற்கும் மேலே. அதனால் ஆசிரியரை அமர்த்தும்போதே பேசிவிடுங்கள்: ஒரு பிள்ளை பாலியல் தொல்லை பற்றிச் சொன்னால் அதை நமக்குள் வைத்துக்கொள்ள முடியாது, 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் சுவரில் எழுதியிருக்க வேண்டும். வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக. பறை, ஓவியம், எதுவானாலும் இந்த விதி ஒன்றுதான்.

ஒளிப்படம் கூச்சப்படும் பிள்ளைகளுக்கானது. எல்லாராலும் மேடையேற முடியாது. பேசாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண் எடுத்த படத்தைப் பார்த்தால் அவள் எவ்வளவு கவனித்திருக்கிறாள் என்று புரியும். 2022-இல் தயானிதா சிங் – பாரி ஆவண ஒளிப்பட விருது பெற்ற ஒளிப்படக் கலைஞர் பழனிகுமார், தூய்மைப் பணியாளர் குடும்பப் பிள்ளைகளுக்கும் மீனவப் பெண்களுக்கும் கேமராவைக் கொடுத்துப் பயிற்சி அளித்திருக்கிறார். வெளியிலிருந்து வருகிறவர் எடுக்கும் வடசென்னைப் படத்துக்கும், அங்கேயே பிறந்தவர் எடுக்கும் படத்துக்கும் உள்ள தூரத்தை அப்படிப்பட்ட முயற்சிகளில் பார்க்கலாம். தொடங்குவதற்குப் பழைய செல்போன் போதும். ஆனால் படத்தை அச்சிடப் பணம் ஒதுக்குங்கள். போனுக்குள்ளேயே கிடக்கும் படம் யாருக்கும் உதவாது. தெருவிலேயே கயிறு கட்டி மாட்டினால் அந்த வீட்டுக்காரர்களே முதல் பார்வையாளர்கள். யாரைப் படமெடுக்கிறோமோ அவரிடம் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்பதை முதல் வகுப்பிலேயே பழக்க வேண்டும். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை நிறுவனத்தின் விளம்பரத்துக்குக் கொடுக்கக் கூடாது. இதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்க்கத் தவறாதீர்கள்.

பணம் செலவழிக்கும் முன் அரசு என்ன தருகிறது என்றும் பாருங்கள். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயதுவரை சேரலாம். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் 12 வயதிலிருந்து நாதசுரம், தவில், தேவாரம், வயலின், பரதம் என்று மூன்றாண்டுப் படிப்பு உண்டு, சான்றிதழும் கிடைக்கும். கட்டணம் மிகக் குறைவு. மறுகுடியமர்வுப் பகுதிப் பிள்ளைகளுக்குத் தடை தூரம்தான். இரண்டு பஸ் மாறி ஒரு பெண்பிள்ளையை யார் கூட்டிப்போவது? தீவிர ஆர்வமுள்ள நாலைந்து பேர் இருந்தால், உங்கள் நிதியில் ஒரு பகுதியை வேன் வாடகைக்கு ஒதுக்கி அங்கே அனுப்புவது புதிதாக வகுப்பு தொடங்குவதைவிட நல்லது. 2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. உங்கள் வகுப்பு எதுவானாலும் பிள்ளைகள் அதில் கலந்துகொள்ளும்படி பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசி வையுங்கள்.

விழா நடத்தலாமே என்று சிலர் கேட்பார்கள். 2015-இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமனும் நண்பர்களும் சென்னையின் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவ மக்களோடு சேர்ந்து நடத்திய விழா, சபாவுக்குள் இருந்த இசையைக் குப்பத்துக்குக் கொண்டுவந்தது. எனக்கு மிகவும் பிடித்த முயற்சி அது. ஆனால் விழா ஊருக்கானது, பிள்ளைகளுக்கான வகுப்புக்கு அது மாற்றாகாது. வருஷக் கடைசியில் உங்கள் வகுப்பு அரங்கேறும் மேடையாக வைத்துக்கொள்ளலாம்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? பாதிக்கு மேல் ஆசிரியர் சம்பளத்துக்கு. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். நாட்டுப்புறக் கலைஞர்களைச் சேவை என்று சொல்லிக் குறைந்த காசுக்கு வரவழைப்பது நம் ஊரில் பழக்கமாகிவிட்டது, தொடராமலிருப்போம். மீதியில் வாத்தியம் அல்லது அச்சு, மாலைச் சிற்றுண்டி, பயணம். சுண்டலும் டீயும் ஆடம்பரமில்லை. பள்ளியிலிருந்து பசியோடு நேரே வரும் பிள்ளைக்கு அதுதான் முதல் வகுப்பு.

நேரத்தைப் பெண்பிள்ளைகளைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஏழு மணிக்கு வைத்தால் பையன்கள் மட்டுமே வருவார்கள். தண்ணீர் பிடிக்கிற நேரம், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிற நேரம் எல்லாம் அவர்கள் தலையில்தான் இருக்கிறது. ஞாயிறு காலை அவர்களுக்குச் சரிப்படுகிறதா கேளுங்கள். தம்பியையும் கூட்டிவரலாம் என்று சொல்லுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஜூனில் தொடங்குங்கள். டிசம்பர் அரையாண்டுத் தேர்வுக்குள் ஒரு சிறிய நிகழ்ச்சி, சொந்தத் தெருவில். ஜனவரிக்குப் பிறகு பத்து, பன்னிரண்டு படிக்கிறவர்கள் வரமாட்டார்கள், அதை எதிர்பார்த்தே திட்டமிடுங்கள். ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றிலும் இருப்பவர்களில் இரண்டு பேரை அந்த மாதங்களில் ஆசிரியருக்கு உதவியாக நிறுத்தி, சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வையுங்கள், அதற்குச் சின்னதாக ஒரு ஊக்கத்தொகையும் கொடுங்கள். அடுத்த ஜூனில் நிதி வராவிட்டாலும் அந்த இரண்டு பேர் இருப்பார்கள், வாத்தியங்களும் படிப்பகத்திலேயே இருக்கும்.